சீரியலுக்கு இருபது நிமிடம் கேட்டு: பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை

போன ஞாயிற்றுக்கிழமை நான் கொமுட்டர் ரயில் ஏறியது கோயிலுக்கும் இல்லை, சேலை வாங்கவும் இல்லை. சீரியலுக்காக ஓட்டுக் கேட்கப் போனேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒருமுறை கூடும் சினிமா ரசிகர் குழுவில் நான் மூன்று வருட உறுப்பினர். ஒவ்வொரு கூட்டத்திலும் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அன்றைக்குத்தான் கைதூக்கி முடிவு செய்வதாக இருந்தது. கிடைக்காவிட்டால் இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

என்னைப் போன்ற ஸ்ரீ கெம்பாங்கான்காரர்கள் செர்டாங் நிலையத்தில் ஏறலாம். 9.20க்கு ஏறி 9.45க்கு கே.எல். சென்ட்ரலில் இறங்கினேன். அங்கிருந்து பத்து நிமிட நடை. கூட்டம் பத்தரைக்கு, ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில்.

சினிமாக்காரர்கள் நன்றாகத்தான் பேசுவார்கள். கேமராவை ஏன் அங்கே வைத்தார், இசை ஏன் அந்த இடத்தில் நின்றது என்று அவர்கள் பிரித்துப் போடுவதை நானும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு சட்டம் உண்டு. புதுப்படத்தின் கதையை யாரும் சொல்லக்கூடாது. சீரியல் ரசிகர்களுக்கோ கதை சொல்வதுதான் பேச்சே. இந்த வித்தியாசத்தை விளக்க எழுந்தவள், உதாரணத்துக்கு என்று, மூன்று நாள் முன்பு வெளியான படத்தின் முடிவைச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

பாதிப்பேர் அன்று மாலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கியே போய்விட்டார். என் தப்புதான், மன்னிப்பும் கேட்டேன். ஆனால் குழுவை நடத்தும் சுரேன் திட்டியது என்னை இல்லை, சீரியலை.

"அக்கா, இதுக்குத்தான் நான் வேணாம்னேன். சீரியல்ல பேச என்ன இருக்கு லா? நேத்து என்ன நடந்துச்சு, நாளைக்கு என்ன நடக்கும், அவ்ளோதான். அது டிஸ்கஷன் இல்ல, வம்பு."

எனக்கு மூன்று கை. எதிராகப் பதினொன்று.

கோபத்தோடு கீழே வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டேன். விலை பதினான்கு வெள்ளி. ரசத்தை இரண்டு முறை வாங்கினேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? பிறகு 1.30 ரயிலில் கிள்ளான், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு எட்டு நிமிட நடை. அங்கே புஷ்பா அக்காவின் தையல் கடையில் ஞாயிறு மூன்று மணிக்குச் சீரியல் பார்க்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம்.

அன்று வசந்தி வந்திருந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் இரண்டு வாரமாக மாலை ஷிப்ட், பத்து எபிசோட் போய்விட்டது. போனில் பார்க்கலாமே என்றால், "தனியா பாத்து என்ன பண்றது?" என்கிறாள்.

"எதுல விட்ட?" என்று கேட்டார் புஷ்பா அக்கா.

"மாமியார் மயங்கி விழுந்ததுல."

ஆளுக்கொரு எபிசோடாகச் சொன்னோம். மயக்கம் நிஜமா நடிப்பா என்பதில் மட்டும் அரை மணி நேரம் சண்டை. இதற்கிடையில் மருமகளாக நடித்த பெண்ணும் மாறியிருந்தாள், 'இவருக்குப் பதில் இவர்' என்ற ஒற்றை வரியோடு. புதியவள் கோபம் வந்தால் கத்துகிறாள் என்று சொன்னோம்.

வசந்தி கொஞ்சம் யோசித்தாள். "பழைய பொண்ணு கோவம் வந்தா பேசாம இருப்பா. அதுக்குத்தான் அந்தக் கெழவி பயந்துச்சு. இனிமே அந்த வீட்டுல பயம் இருக்காது லா."

பார்க்காத எபிசோடைப் பற்றிச் சொல்கிறாள். ஒரு நடிகை மாறினால் ஒரு குடும்பமே எப்படி மாறும் என்று அந்த மாடியில் யாராவது பேசியிருக்கிறார்களா? இது வம்பு என்றால் நான் வம்புக்காரிதான்.

நாலரைக்கு சுரேனிடமிருந்து செய்தி வந்தது. சத்தமாகப் படித்தேன். "அக்கா, கமிட்டில பேசினோம். டீக்கு அப்புறம் அஞ்சு நிமிஷம் தரோம். கதை மட்டும் சொல்லாதீங்க."

"விளம்பரமே அஞ்சு நிமிஷம் வருதேம்மா," என்றார் புஷ்பா அக்கா.

போக நினைக்கிறவர்கள் இரண்டு இடத்துக்கும் போங்கள், நான் மட்டும் இனி கிள்ளானுக்குத்தான். பிரிக்பீல்ட்ஸுக்குப் படத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், வாயைப் பூட்டிக்கொள்ளுங்கள். கிள்ளானுக்கு எதையும் பார்க்காமலே போகலாம். ரயில் கார்டில் இருபது வெள்ளி இருந்தால் முழுச் சுற்றுக்கும் தாராளம். காரில் வராதீர்கள், ஞாயிற்றுக்கிழமை நிறுத்த இடம் கிடைக்காது. திரும்பும் ரயிலின் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், அந்தத் தையல் கடையில் உங்களை யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள்.

சுரேனுக்கு அங்கே உட்கார்ந்தபடியே பதில் போட்டேன். "தம்பி, ஞாயிறு மூணு மணிக்குக் கிள்ளான் வாங்க. டீக்கு அப்புறம் சினிமாவுக்கு அஞ்சு நிமிஷம் தரோம்."