காயாத துணியும் காய்ந்த உளுந்தும்

குற்றாலத்தில் சீசன் என்றால் சுற்றுவட்டாரமே குளுகுளு என்று இருக்கும் என நினைப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு சென்னை அலுவலகத்துக்கு வேலை பார்க்கிறேன். ராடார் வைத்த செயற்கைக்கோள் மேலிருந்து அலையை அனுப்பும். ஈரத் தரை ஒரு மாதிரியும் காய்ந்த தரை வேறு மாதிரியும் அதைத் திருப்பி அனுப்பும். அதை வைத்து எங்கே எவ்வளவு மழை பெய்தது என்று கட்டம் கட்டமாக வரைபடம் போடுவார்கள். அதை வாங்குவது பயிர்க் காப்பீட்டுக்காரர்கள். சந்தேகமான கட்டம் வந்தால், மழை உண்டா இல்லையா என்று உள்ளூர் ஆளிடம் கேட்பார்கள். இந்தப் பக்கத்துக்கு உள்ளூர் ஆள் நான்.

எங்கள் கட்டத்தின் ஒரு முனையில் அருவி. மறு முனையில், சுந்தரபாண்டியபுரத்தைத் தாண்டி, என் பெரியம்மா மகளின் புஞ்சை. ஆனிச் சாரலை நம்பி அக்கா அதில் உளுந்து விதைத்திருந்தாள். அருவிக்கும் அவள் புஞ்சைக்கும் சேர்த்து ஒரே மழையாம். எந்த மகராசன் போட்ட கணக்கோ!

ஆடியில் எங்கள் கட்டம் சந்தேகத்தில் வந்தது. நான் என்ன செய்தேன்? சன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தேன். துவைத்துப் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. வாசலில் போகிறவர்கள் எல்லாம் இந்த வருசம் சீசன் அமோகம் என்று பேசிக்கொண்டு போனார்கள். 'மழை உண்டு' என்று தட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டேன். சாரல் விழுந்தாலே மழை என்று சொல்லிப் பழகிய வாய்தானே. அந்தச் சாரல் கிழக்கே போகப் போக வெறும் காற்றாகிவிடும் என்பது எனக்குத் தெரியாததா?

ஆவணியில் அக்கா போன் செய்தாள். செடி கருகிவிட்டது, காப்பீட்டில் கேட்டால் உங்கள் கட்டத்தில் நல்ல மழை என்று தள்ளிவிட்டார்கள் என்றாள். மறுநாளே சுரண்டை பஸ்ஸில் போய் இறங்கினேன். ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரோடு புழுதிதான் வந்தது. காயை உரித்தால் உள்ளே ஒன்றும் இல்லை. அங்கேயே வரப்பில் நின்று, நான் தட்டியதைச் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சன்னலப் பாத்து எழுதினியேட்டி, ஒரு எட்டு இங்கன வந்து பாத்தியா?"

திரும்பி வந்ததும் அலுவலகத்துக்கு எழுதினேன். நான் சொன்னது தப்பு, அங்கே மழை இல்லை, கட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள் என்று புஞ்சையின் படங்களோடு அனுப்பினேன். இரண்டு வாரம் பேச்சு மூச்சில்லை. நானே கூப்பிட்டதும் மேலாளர் நிதானமாக விளக்கினார். ராடாரில் சந்தேகம் இருந்தது உண்மைதான். ஆனால் உள்ளூர் ஆளே மழை என்று உறுதி சொன்ன பிறகு மாற்ற வழி இல்லையாம். அந்த உள்ளூர் ஆள் நான்தான் ஐயா என்று கத்தினேன். அதனால்தான் மேடம் நம்பினோம் என்றார். அந்த மரியாதையைக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வானத்தில் சுற்றுகிற இயந்திரத்துக்கு இருந்த சந்தேகம்கூட, இந்த மண்ணில் பிறந்த எனக்கு இல்லாமல் போயிற்றே.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"சரிட்டி, மழ பெஞ்சிட்டுன்னே வச்சுக்கிடுதேன். அந்த உளுந்துகிட்ட மட்டும் நீயே வந்து சொல்லிரு."