எங்க டீம் ரெய்டர் ஷமீமா

ஷமீமா செத்துட்டா.

இன்னைக்குக் காலைல, அரியலூர் ரோட்டுல. சுண்ணாம்புக்கல் லாரி அவ ஸ்கூட்டில மோதி... கொஞ்ச தூரம் இழுத்துக்கிட்டே போயிருக்கு. ஹெல்மெட் போட்டிருந்தாளாம். அவ தங்கச்சி போன்ல அதையே திரும்பத் திரும்பச் சொன்னா.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். லெப்பைக்குடிகாட்டுப் பொண்ணு. பெரம்பலூர்ல நாங்க ஒரே காலேஜ், ஒரே கபடி டீம். நான் லெஃப்ட் கார்னர், கேப்டன். அவ ரெய்டர். இப்ப அரியலூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல பி.டி. டீச்சர்.

செலக்‌ஷன் அன்னைக்குத்தான் மொதல்ல பாத்தேன். முழுக்கை பனியன், கணுக்கால் வரைக்கும் டிராக், தலைல இறுக்கிக் கட்டுன கறுப்புத் துணி. இவ எங்க ஆடப்போறான்னு நெனச்சேன்.

ரெய்டு வந்தவளோட கணுக்காலப் புடிச்சேன். என்னையும் சேத்து லைன் வரைக்கும் இழுத்துட்டுப் போனா. குதிகால் என் வாய்லயே எறங்குச்சு. உதட்டுல நாலு தையல்.

ஜி.எச்.ல பக்கத்துலயே உக்காந்திருந்தா. மன்னிப்பெல்லாம் கேக்கல. ஏன் காலை விடலன்னு என்னையே கேட்டா.

அன்னைலேர்ந்து ஃப்ரெண்டு.

அவ அத்தா, அதான் அப்பா, அப்ப குவைத்துல டிரைவர். விளையாட்டுக்கு ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். மறைச்சுக்கிட்டு ஆடுறதுன்னா ஆடு, யாருக்காகவாவது தலைத்துணியக் கழட்டுற நெலம வந்தா அதோட விட்டுட்டு வூட்டுக்கு வந்துடணும். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நான் அப்படிப் பண்ணேன்...

அரியலூர்ல ஃபைனல். கடைசி அஞ்சு நிமிஷம், ஸ்கோர் சமம். இவ ரெய்டு போனா. எதிர் டீம்ல ரேவதின்னு ஒரு பொண்ணு, ஜெயங்கொண்டம். பின்னாடிலேர்ந்து தலைத்துணிய கொத்தாப் புடிச்சு இழுத்துட்டா.

துணி தொண்டைய நெரிச்சுது. முகமே கறுத்துப் போச்சு. துணி நழுவாம காதுக்குக் கீழ குத்தியிருந்த ஊசி கழுத்துக்குள்ள ஏறிடுச்சு.

ரெஃப்ரி விசில் அடிச்சார். ரேவதிய ஒன்னும் சொல்லல. ஊசி ஆபத்து, துணிய எடுத்துட்டு ஆடு, இல்லன்னா வெளிய உக்காருன்னார்.

ஷமீமா நிதானமாத்தான் கேட்டா. "ஊசிய எடுத்துடுறேன் சார். துணியில கை வச்சவங்கள என்ன பண்ணுவீங்க?"

அவர் வாட்ச்சப் பாத்தார்.

நான் அவ காதுகிட்ட போய், "கழட்டிடுடி... அஞ்சு நிமிஷந்தான்"னேன்.

கப்பு வேணும் எனக்கு. வேற காரணம் இல்ல.

என்னைப் பாத்தா. கழுத்துலேர்ந்து ஊசியப் புடுங்கி என் உள்ளங்கைல வச்சா. ரத்தம் சூடா இருந்துச்சு. நேரா பெஞ்சுக்குப் போய் ஒரு டீ-ஷர்ட்ட எடுத்து, கழுத்து ஓட்டை முகத்தைச் சுத்தி வர்ற மாதிரி துணிக்கு மேலயே மாட்டி, அதோட ரெண்டு கையையும் பின்னாடி முடிச்சுப் போட்டா. ஊசி இல்லாம. ரெஃப்ரி ஆட விட்டார்.

அடுத்த ரெய்டு. நாலு பேர் நின்னாங்க. மூணு பேரை அவ திரும்பியே பாக்கல. நேரா ரேவதி. முட்டி மேல எழும்புச்சு...

மூக்கெலும்பு ஒடஞ்ச சத்தம் எங்க பக்கத்துக்கே கேட்டுச்சு. மேட்டெல்லாம் ரத்தம். ரெட் கார்டு. ரெண்டு பாயிண்ட்ல தோத்தோம்.

திரும்பி வர்றப்ப பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்தா. அப்புறம் சொன்னா.

"மூக்க தெரிஞ்சுதான் ஒடைச்சேன். அத அல்லா கேப்பான். நீ சொன்னத நான் கேக்குறேன் கவி. ஏன் சொன்ன?"

அழுதுட்டேன். மன்னிச்சுடுடின்னேன்.

சரின்னுல்லாம் சொல்லல. ஒரு வாரம் பிராக்டிஸ்ல ஒவ்வொரு ரெய்டும் என் மேலதான் வந்தா. முட்டி, முழங்கை எல்லாம் தோல் உரிஞ்சுது. எட்டாம் நாள், ஜெயங்கொண்டம் போகணும், கூட வர்றியான்னு கேட்டா.

ரேவதி வூட்டு வாசல்ல அவங்க அம்மா வெளக்கமாத்தோட வந்தாங்க. மொத அடி எனக்குத்தான். ரெண்டாவது ஷமீமாவுக்கு. அவ கையக்கூட தூக்கல, வாங்கிக்கிட்டு நின்னா.

மூக்குல பிளாஸ்டரோட ரேவதி வெளிய வந்து அம்மாவப் புடிச்சுக்கிட்டா. "வுடும்மா. நானும் தெரிஞ்சுதான் இழுத்தேன்"னா.

அப்புறம் மூணு பேரும் பஸ் ஸ்டாண்டுல பஜ்ஜி தின்னோம். ரேவதியால சரியா மெல்லவே முடியல. இவ பிச்சுப் பிச்சுக் குடுத்தா.

அத்தாகிட்ட நடந்தது எல்லாத்தையும் அவளே போன்ல சொல்லிட்டா. மூக்கு ஒடைச்சதுக்குத்தான் திட்டு வுழுந்துச்சாம். ஆட வேணாம்னு சொல்லல.

அதுக்கப்புறம் ஊசியே இல்லாம, எலாஸ்டிக் வச்சு, இழுத்தா கையோட வழுக்கிட்டுப் போற துணியில தலைக்கு ஒன்னு தச்சுக்கிட்டா. மூணு வருஷம் அதோடதான் ஆடுனா. ரெண்டு தடவ தோள்பட்டை எறங்குச்சு. ஒரு தடவ பல்லு போச்சு. தலைலேர்ந்து துணி எறங்கல.

போன வாரம் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தா. அவ ஸ்கூல் டீமுக்கு சனிக்கிழமை மேட்ச்சாம். ஒருத்தி என்னை மாதிரியே காலைப் புடிச்சா விடமாட்டேங்குறாளாம், வந்து பாருடின்னா.

லீவு கெடைக்காதுன்னு டைப் பண்ணி அனுப்பிட்டேன். உண்மையில நான் கேக்கவே இல்ல.

இன்னைக்குக் கேட்டேன். உடனே குடுத்துட்டாங்க.

சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சு ஊர்ல அடக்கம். அதுக்கு முன்னாடி பொம்பளைங்க முகம் பாத்துக்கலாம், நீங்களும் வாங்கக்கான்னு தங்கச்சி சொன்னா.

திருச்சியிலேர்ந்து பஸ்ல உக்காந்துதான் இத எழுதுறேன். எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

சிறுவாச்சூர் தாண்டிருச்சு. வந்துக்கிட்டே இருக்கேன்டி.

கொஞ்சம் இரு.