கேட்டுக்கு முன்னால் உடைத்த பூசணி

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நான்கு வழிச் சாலையில், ராசிபுரம் பிரிவு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கேட். அதைக் கடக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் வரைக்கும் அப்படியில்லை. அது அப்பா செத்த இடம் என்று நானே காரை நிறுத்தி ஊருக்கெல்லாம் காட்டியவள்தான்.

அப்பா லாரி டிரைவர். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிவந்தபோது பழைய ரோட்டில் லாரி கவிழ்ந்து போய்விட்டார். அப்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அம்மா அங்கே போய்க் கற்பூரம் ஏற்றி, குங்குமம் அடைத்த பூசணிக்காயை உடைத்துவிட்டு வருவாள். "அந்த எடம் இன்னொரு டிரைவரக் காவு கேட்டுறக் கூடாது சாமி" என்பாள். அதைவிட நல்ல காரணம் எனக்கும் தெரியவில்லை.

முதலில் ஒரு புளியமரம்தான் அடையாளம். ரோட்டை அகலப்படுத்தியபோது மரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். அந்த வருடம் அம்மா காரிலிருந்து இறங்கி, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி அங்கும் இங்கும் நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. எதிரே அந்தப் பச்சை கேட் தெரிந்தது. "இங்கதாம்மா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது" என்றேன். ஒரு ஞாபகமும் இல்லை. ஆனால் வினோதம், சொல்லி முடித்தபிறகு எனக்கு அப்படித்தான் நினைவு வர ஆரம்பித்தது. கவிழ்ந்த லாரி, சிதறிய ஜவ்வரிசி எல்லாம் அந்த கேட்டுக்கு முன்னாலேயே கிடந்தன. நாலு பேரிடம் விவரிக்கும்போது கண்ணில் தண்ணீர்கூட வரும்.

போன வருடம் கற்பூரம் ஏற்றும்போது அந்த வீட்டுக்காரி வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். "ஏனுங்க, நாளைக்கு ஊட்டுக்கு ஒறம்பரைச் சனம் வாராங்க. பூசணிக்காய மட்டும் கொஞ்சம் தள்ளி ஒடைச்சிக்கறீங்களா?" என்று தணிவாகத்தான் கேட்டாள்.

"செத்தது எங்கப்பாங்க. அவரு தள்ளிப் போய்ச் சாக முடியுமா?" என்றேன்.

அவள் திரும்பி உள்ளே போனாள். அம்மா பூசணியை கேட்டுக்கு நேராகவே போட்டு உடைத்தாள். நான் சொன்ன பதிலை வீட்டில் என் கணவரிடம் இரண்டு முறை நடித்துக் காட்டினேன். நல்லாக் கேட்டேன் இல்ல என்று பெருமை வேறு.

இந்த வருடம் போனபோது மறுபடி அவள் வருவதைப் பார்த்தேன். வரட்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். முழங்கால் வலியால் அம்மா காரிலேயே உட்கார்ந்திருந்தாள். பூசணி டிக்கியில் இருந்தது.

அவள் சண்டைக்கு வரவில்லை. "போன வருசம் எம்புள்ளயப் பொண்ணு பாக்க வந்தாங்க. கேட்டுக்கிட்ட வண்டி நின்னுது. ரத்தமாட்டம் கெடந்ததப் பாத்துட்டு எறங்காமயே திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

"கூட்டித் தள்ளியிருக்கலாமில்லைங்க?" என்றேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும். அடுத்தவர் கழித்துப் போட்டதை எங்கள் பக்கத்தில் யாரும் தொடமாட்டார்கள். மழையோ லாரிச் சக்கரமோ கொண்டுபோனால்தான் உண்டு. நான் என் வாசலில் தொடுவேனா?

அப்புறம் அவள் குரலை இன்னும் தணித்தாள். "லாரி உழுந்தது இங்க இல்லீங்க. இப்ப ரோட்டு நடுவுல அரளிச்செடி வெச்சிருக்கறாங்களே, அங்கதான் அந்தப் புளியமரம் இருந்துது. எங்க மாமனாருதான் ஓடிப்போய்த் தூக்குனாரு. சொம்புல தண்ணி கொண்டுபோய்க் குடுத்தாராம். உங்கப்பாரு ரெண்டு மொடக்குக் குடிச்சாராம்."

அப்பா கடைசியாகத் தண்ணீர் குடித்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. தவித்த வாயோடு போயிருப்பாரோ என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுவாள். அந்தத் தண்ணீர் இந்த வீட்டிலிருந்து போயிருக்கிறது. அந்த வீட்டு வாசலில்தான் நான் வருடா வருடம் சாவை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"உங்கம்மா அழுதுக்கிட்டு நின்னாங்க. அழுகறவங்ககிட்ட எடம் தப்புன்னு எப்பிடிங்க சொல்றது? இப்பவும் அவங்ககிட்ட சொல்லிப்போடாதீங்க. நீங்க வாங்க, கற்பூரம் பத்த வையுங்க. பூசணிக்காய மட்டும் வேண்டாங்க."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். சண்டைக்கென்றால் ஓடிவரும் வார்த்தை, ஒன்றுகூட வரவில்லை. அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கார் ஜன்னல் வழியாக அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அண்ணாந்து குடித்தாள். "நல்ல சனம் சாமி" என்று என்னிடம் சொன்னாள். பூசணியை உடைக்காமல் ஏன் வண்டியை எடுக்கிறாய் என்று கேட்டதற்கு, இப்போதெல்லாம் ரோட்டில் உடைத்தால் போலீஸ் பிடிக்கிறது என்று சொல்லிவைத்தேன். இன்னொரு பொய்.

அப்பா தண்ணீர் குடித்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவள் மனது ஆறும். ஆனால் அதைச் சொன்னால் யார் கொடுத்தார்கள், எங்கே கொடுத்தார்கள் என்று கேட்பாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது" என்ற பேச்சையும் அவிழ்க்க வேண்டிவரும். அதற்குத் தைரியமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்றும் அந்த வழியாக வந்தோம். பச்சை கேட்டைப் பார்த்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அங்கே அப்பா இருக்கிறார். எனக்கு அங்கே இப்போது அப்பா வருவதில்லை. தள்ளிப் போய்ச் சாக முடியுமா என்று கேட்ட என் குரல்தான் வருகிறது.