மதினியின் சிலேட்டும் கரண்ட் போகாத ஊரும்

கரண்ட் போவதற்கென்று ஒரு சத்தம் உண்டு. டுப்பென்று திரை அணையும். தலைக்கு மேலே மின்விசிறி ஓட்டம் தளர்ந்து, கடைசியாக ஒரு முனகல் முனகி நிற்கும். மூலையில் கிடக்கும் யு.பி.எஸ். ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டுத் தானும் படுத்துவிடும். அதன் பேட்டரி செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதன் பிறகு கீழ்க்கூடத்தில் லேபிள் ஒட்டுகிற பெண்களின் பேச்சு மட்டும் மாடி வரைக்கும் கேட்கும். நாங்களெல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்போம், காலையிலிருந்து அடித்ததில் எது மிச்சம், எது போச்சு என்று தெரியாமல். மதினி மட்டும் காலை நீட்டிச் சோம்பல் முறிப்பாள். கரண்ட் வந்து மிஷின் உயிர் பிடித்ததும் அவள் திரையில் ஒரு கறுப்புச் சன்னல் தானாகத் திறக்கும். முடித்த கடைசி வரி வரைக்கும் எல்லாம் அப்படியே மின்னிக்கொண்டு நிற்கும். அவள் அடுத்த வரியை அடித்து வேலையைத் தொடர்வாள். எங்களுக்கு வயிறு எரியும்.

மதினி என் அண்ணன் மனைவி. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணனுக்கு மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலை. அந்த இரண்டாயிரத்தையொட்டிய வருஷங்களில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். மதினிக்குப் போக மனமில்லை. புருஷனை ஒரு ஊரில் விட்டுவிட்டு இன்னொரு ஊரில் ஹாஸ்டலில் கிடப்பதற்கா கல்யாணம் செய்தேன் என்பாள். வீட்டில் சும்மா இருக்கவும் மனமில்லை. நல்லவேளையாக எங்கள் ஊர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தொழிற்சாலை, வைத்திருந்த ஒரு முதலாளி, மாடியில் காலியாகக் கிடந்த கூடத்தில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்று ஒன்றைத் திறந்தார். பண்டல் கணக்கு, பில், சரக்கு அனுப்பியது, இவற்றுக்கெல்லாம் புரோகிராம் எழுதி மற்றத் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு விற்பது அவர் யோசனை. மதினி முதலில் சேர்ந்தாள். பின்னாலேயே என்னையும் இழுத்துக்கொண்டாள்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் படமும் பொத்தானும் போதாது. கறுப்பாக ஒரு சன்னல் வேண்டும். அதில் ஒரு வரி கட்டளை அடித்தால் மிஷின் ஒரு வரி பதில் சொல்லும். டெர்மினல் என்பார்கள். எங்கள் மிஷின்களில் இருந்தது அழுது வடிகிற ஒன்று. சேர்ந்த புதிதில் ஒருநாள் மதினி அரைநாள் உழைத்ததைக் கரண்ட் கொண்டுபோயிற்று. அன்றைக்கு அவள் அழவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாளே தனக்கென்று ஒரு டெர்மினல் எழுத உட்கார்ந்துவிட்டாள். அதற்கு சிலேட்டு என்று பெயர் வைத்தாள். எழுத்தின் அளவு, நிறம், வரியின் தொடக்கத்தில் என்ன சொல் நிற்கவேண்டும், எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நடக்கவேண்டும், எல்லாவற்றையும் அவரவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது ஒன்றே ஒன்று. அடித்த வரியை அடித்த கையோடு அது டிஸ்க்கில் எழுதி வைத்துவிடும். அதை மட்டும் யாராலும் அணைக்க முடியாது.

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் ஆட்கள் அதைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எங்களோடு வேலை பார்த்த ஓட்டப்பிடாரத்து அண்ணன் கறுப்பில் ரத்தச் சிவப்பாக எழுத்து வைத்தார். ஒரு வாரத்தில் கண் சிவந்து மருந்து விட்டுக்கொண்டு வந்தாரே தவிர நிறத்தை மாற்றவில்லை. நான் வரிக்கு முன்னால் "சொல்லு" என்று நிற்கும்படி வைத்தேன். முதலாளி ஒருநாள் மாடிக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எழுத்துக்குப் பின்னால் நம்ம தீப்பெட்டிக் கிளி லேபிள் தெரியட்டுமே என்றார். மதினி மறுநாளே தெரியவைத்தாள். கிளியின் பச்சையில் பாதி எழுத்து காணாமல் போயிற்று. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி என்றோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஒருவர் முகத்துக்கு நேரே அவர் செய்ததைக் குறை சொல்லமாட்டோம். சாம்பாரில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தாலும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, மோர் கேட்போம்.

மதினிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் சிலேட்டு எப்படி இருக்கிறது என்று அவள் யாரையும் கேட்டதே இல்லை. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிப்பதுபோல ஒவ்வொருவர் பின்னாலும் போய் நிற்பாள். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே ஒருவன் தலையைச் சொறிகிறான் என்று பார்ப்பாள். டீ ஆறிப் பாலாடை கட்டிவிடும். "சொல்லுதத கேக்காத ஏட்டி, கை எங்கன நிக்குன்னு பாரு" என்று எனக்கும் சொன்னாள். யாராவது பின்னால் நின்றாலே எனக்கு எரிச்சல் வரும். போங்க மதினி, ஆளை விடுங்க என்று விரட்டியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்தில் வாங்க வேண்டிய தீப்பெட்டி ஆபீஸ்கள் எல்லாம் புரோகிராம் வாங்கி முடித்துவிட்டன. புது வேலை வரவில்லை. கீழே பண்டல் அடுக்க இடம் போதவில்லை என்று முதலாளி எங்கள் காதில் விழும்படி பேச ஆரம்பித்தார். கடைசியில் நேராகவே சொல்லிவிட்டார்: பொங்கல் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் வெளி வேலை ஏதும் அமையவில்லை என்றால் மாடியைக் குடோனாக்க வேண்டியதுதான். எங்களில் மற்றவர்களுக்கு அது பெரிய இடி இல்லை. எப்படியும் மெட்ராசுக்குப் போகிறவர்கள்தான். மதினிக்கு மட்டும் அந்த மாடியைவிட்டால் ஊரில் வேறு இடம் கிடையாது. ஒன்று அண்ணனை விட்டுப் போகவேண்டும், இல்லையென்றால் படித்ததை மறந்துவிட்டு வீட்டில் இருக்கவேண்டும். வீட்டில் யாரும் அவளிடம் இதைப் பேசவில்லை. அண்ணன் மட்டும் நீ போறதுன்னா போ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் டியூட்டிக்குப் போனான்.

அவள் செய்தது ஒன்றுதான். சிலேட்டை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகப் போட்டுவிட்டாள். முதலாளியின் டெலிபோன் லைனில்தான் இணைப்பு. அது கீயென்று கூவிச் சேருவதற்குள் அவருக்கு வரவேண்டிய அழைப்பெல்லாம் தவறிவிடும் என்று கோபிப்பார். கொஞ்ச நாளில் முன்பின் தெரியாதவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அடேயப்பா, என்ன வாய்! நல்லாத்தான் இருக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. நிறம் மாற்றுவது அருமை என்று ஒருவர், பொத்தான்களை மாற்றுவதுதான் அருமை, நிறம் குமட்டுகிறது என்று இன்னொருவர். நாங்கள் முகம் சிவந்து உட்கார்ந்திருக்க, மதினி இரண்டாவது ஆளின் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தாள். அப்படி எழுதியவர்களில் ஒருவர் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் அதிகாரி. தங்கள் ஆட்கள் சிலரிடம் கொடுத்துப் பார்ப்பதாகவும், அவர்களுக்குப் பிடித்தால் கம்பெனி முழுக்க அதையே வைத்துக்கொண்டு, அதைப் பராமரிக்கும் வேலையையும் வேறு வேலைகளையும் எங்கள் செக்‌ஷனுக்கே தருவதாகவும் எழுதினார். முதலாளி அன்றைக்கு மாடிக்கு மிக்சர் வாங்கி அனுப்பினார்.

சென்னைக்காரர்களின் கருத்து ஒரு மாதத்தில் வந்தது. எல்லாம் பிடித்திருக்கிறது, ஒன்றைத் தவிர. வரிக்கு வரி ஒரு நொடி நின்று நின்று போகிறது, நொண்டி மாட்டை ஓட்டுவதுபோல இருக்கிறது, அந்த எழுதி வைக்கிற வேலையை எடுத்துவிடுங்கள் அல்லது அணைக்க வழி செய்யுங்கள். ஏறக்குறைய எல்லாருமே இதைச் சொல்லியிருந்தார்கள். ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்றேன் நான். மதினி கேட்கவில்லை. ஒருநாள் கரண்ட் போய் வந்தால் தெரியும் அவர்களுக்கு, அதற்குப் பிறகு அவர்களே வேண்டாம் என்பார்களா என்றாள். நேரில் போய்க் காட்டிவிட்டு வருவது என்று முடிவாயிற்று. பை தூக்க நான்.

எழும்பூரில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனோம். உள்ளே ஏ.சி.யில் மார்கழிக் குளிர். அதிகாரி மரியாதையாக வரவேற்று, எங்கே வேண்டுமானாலும் நின்று பாருங்கள் என்றார். மதினி வழக்கம்போல ஒரு டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்றாள். அங்கே எல்லாருடைய வேலையும் எங்கோ தனியறையிலிருந்த ஒரு பெரிய மிஷினில் சேர்ந்துகொண்டிருந்தது. வரிக்கு வரி சிலேட்டு அதுவரைக்கும் போய் எழுதிவிட்டுத் திரும்பவேண்டும். வரி முடிகிற இடத்தில் எல்லோருக்கும் விரல் நின்றது. நானே பார்த்தேன். பிறகு மதினி ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மத்தியானம் ஆயிற்று. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். அவ்வப்போது தலையைத் தூக்கி டியூப் லைட்டைப் பார்த்தாள். சாயங்காலம் அந்த அதிகாரியே வந்தார்.

"காலையிலேர்ந்து பாக்கறேன் மேடம், யாருக்கோ காத்துட்டிருக்கற மாதிரி இருக்கீங்க."

"ஒண்ணும் இல்ல சார். கரண்ட் போகட்டும்னுதான் இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்லவேண்டும். இங்கே கரண்ட் போகாது மேடம், போனாலும் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். மதினி சரி சார் என்று எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. பகலெல்லாம் கரண்டே போகாத ஓர் இடம் இருக்கும் என்று எனக்கும் அதுவரை தோன்றியிருக்கவில்லை என்பதுதான் உண்மை.

திரும்பும்போது ரயிலில், காலையில் சாத்தூர் தாண்டி, ஜன்னலுக்கு வெளியே உழுது போட்ட கரிசல் நிலம் வர ஆரம்பித்த பிறகுதான் பேசினாள்.

"அவிய சொன்னது நெசம் ஏட்டி. கை நிக்கத்தான் செய்யுது."

"அப்ப எடுத்துருவீங்களா மதினி?"

"எடுக்க மாட்டேன். கேட்டுக்கிடுவேன்."

என்ன கேட்பாள் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேரே ஆபீஸ் மாடிக்குப் போனாள். அந்த வாரமே புது சிலேட்டு தயாராகிவிட்டது. முதல்முறை திறக்கும்போது அது ஒரே ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் ஊரில் கரண்ட் போகுமா? போகும் என்றால் வரிக்கு வரி எழுதி வைக்கும். போகாது என்றால் வைக்காது. அவ்வளவுதான். சென்னை அதிகாரி போனில் அந்தக் கேள்வியை வாசித்துவிட்டு இந்தமுறை வாய்விட்டுச் சிரித்தார். இது எங்களுக்காக வைத்ததா மேடம் என்றார். எங்களுக்காகவும்தான் சார் என்றாள் மதினி. இணையத்தில் வந்த கருத்துகள் அதற்குப் பிறகு பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பற்றித்தான். இது என்ன கேள்வி என்று சிலர் எரிந்து விழுந்தார்கள். இன்னும் சிலர், நாங்கள் கேள்விப்பட்டே இராத ஊர்களிலிருந்து, எங்கள் ஊரிலும் போகும், மழை வந்தால் போகும், காற்றடித்தால் போகும், எங்களை ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை என்று எழுதினார்கள். அவற்றை எல்லாம் ஓட்டப்பிடாரத்து அண்ணன் உரக்கத் தமிழில் வாசித்துக்காட்ட, கீழே லேபிள் ஒட்டுகிறவர்கள்கூட, நம்ம மாதிரிதான் போல என்று பேசிக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு முன்பே சென்னை வேலை வந்துவிட்டது. மாடி குடோனாகவில்லை. முதலாளி மேலே வந்து, செக்‌ஷனைச் சுற்றிப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு இறங்கினார். அது எந்த நல்லாத்தான் என்று எங்களுக்கு ரொம்ப நேரம் பயமாக இருந்தது. மறுவாரம் யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி வந்ததும்தான் நிம்மதி. அதுவும் ஒரு வருஷம்தான் உழைத்தது.

பிறகு ஒவ்வொருவராக நாங்கள் கிளம்பினோம். நான் வந்து சேர்ந்தது சென்னையில்தான். சிலேட்டை இப்போது யாரும் வைத்துக்கொள்வதில்லை. அதைவிட வேகமாக, அழகாக எத்தனையோ வந்துவிட்டன. அந்தச் சென்னைக் கம்பெனியும் எப்போதோ வேறொன்றுக்கு மாறிவிட்டது. ஆனால் அதற்குள் மதினிக்கு வேறு வேலைகள் வேறு இடங்களிலிருந்து வர ஆரம்பித்திருந்தன. அண்ணன் மணியாச்சிக்குப் போய்வந்தான். இப்போது ரிடையராகி வீட்டில் பேப்பர் படிக்கிறான். அவள் அதே மாடியில், அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தன் மிஷினில் மட்டும் சிலேட்டை விடவில்லை. வேறெதையும் பழக இனிமேல் எனக்கு உடம்பு வணங்காது என்கிறாள். அவளுக்கா வணங்காது? பொய்.

போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தோம். என் மகளின் படிப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இடையிடையே அவள் தட்டுகிற சத்தமும் கேட்டது. திடீரென்று டுப். அப்புறம் மின்விசிறியின் அந்த முனகல். "இரு ஏட்டி, கரண்ட் போயிட்டு" என்றாள். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கீழே பெண்கள் பேசுவது லேசாகக் கேட்டது. என் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் இதே சென்னையில் கரண்ட் போகட்டும் என்று ஒரு பகல் முழுக்க அவள் உட்கார்ந்திருந்தாள். இங்கே இருந்துகொண்டு, அங்கே வரட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து மின்விசிறி சுற்றத் தொடங்கியது; மிஷின் உறுமியது.

"வந்துட்டு ஏட்டி" என்றாள். "விட்ட எடத்துலயே நிக்கு."