தலைப்பாகைக்குள் ஒரு நாமம்

போன வெள்ளிக்கிழமை நான் ஓர் உளவாளியோடு ஊத்துக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

உளவாளியின் பெயர் சம்பத்து என்று வைத்துக்கொள்வோம். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் பார்க்கும் பட்டர், என் பள்ளித்தோழன். ஊத்துக்கோட்டை டூரிங் டாக்கீஸில் ஒரு சிரிப்புப் படம் வந்திருந்தது. எதைத் தொட்டாலும் சொதப்புகிற ரகசிய ஏஜென்ட் ஒருவனின் கதை. சம்பத்து அதைப் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் சம்பத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது!

காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் வைதேகியைப் பெண் பார்க்க நாகலாபுரத்திலிருந்து வருகிறார்கள். அவர்களும் கோயில் குடும்பம்தான். பிள்ளையின் அப்பா சினிமா போஸ்டர் ஒட்டிய சுவர்ப் பக்கம்கூட நடக்கமாட்டாராம். ஏற்கெனவே வந்த வரன்கள் தட்டிப் போயிருக்கின்றன. வைதேகியோ இந்தப் பையனின் போட்டோவைப் பாசுரப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, பாசுரம் படிக்காமலே பக்கம் புரட்டுகிறாள்...

“அப்புறம் எதுக்குடா உனக்கு சினிமா?” என்றேன்.

“ஞாயித்துக்கிழமையை நினைச்சா தூக்கமே வரலைடா. கொஞ்சம் சிரிச்சாத்தான் வரும்.”

நெற்றி நாமத்தை அழிக்க அவனுக்கு மனசு வரவில்லை. தலைப்பாகை கட்டி, அதைப் புருவம் வரை இறக்கிக்கொண்டான். எனக்கு மாறுவேஷம் தேவைப்படவில்லை. நான் எங்கே போனாலும் என் வீட்டில் யாரும் தேடுவதில்லை.

கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாக்களைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தி மெல்ல உள்ளே வந்து மணலில் உட்கார்ந்தது. காற்றில் வெள்ளைத் திரை மூச்சு விடுவது போல் உப்பி அடங்கியது. அதில் இன்னும் ஒரு படமும் விழவில்லை. எந்தப் படமும் விழலாம் என்றிருந்தது. நான் பார்த்த சினிமாக்களிலேயே நல்ல காட்சி அதுதான்.

புதுப் படம் வந்தால் திரைக்குக் கற்பூரம் காட்டி, தட்டை பெஞ்சு பெஞ்சாக எடுத்துவருவது அங்கே வழக்கம். டிக்கெட் கிழிக்கும் கேட்காரர் எடுத்துவந்தார்.

“தொட்டுக்கோ நைனா, தொட்டுக்கோ... டைம் ஆவுது!”

தட்டு சம்பத்திடம் வந்தது. ஊரே கையை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். சம்பத்தின் கைக்கு அந்தப் பழக்கமே கிடையாதே! கற்பூரத் தட்டு எதிரே வந்தால் அதை வாங்கிக் காட்டித்தான் அவன் கைக்குத் தெரியும். வாங்கினான். எழுந்தான். வரிசையாகக் காட்டத் தொடங்கிவிட்டான்!

“இன்னா நைனா, நீ பாட்டுக்குத் தட்ட வாங்கிக்கினு போற?” என்றார் கேட்காரர்.

“உடுப்பா! ஐயரு மாரியே காட்றாரு” என்றது பின்பெஞ்சு.

மூன்றாவது பெஞ்சில் மப்ளரால் தலையை மூடிய ஒரு பெரியவர். அவர் கற்பூரத்தைத் தொடவில்லை. வாயைக் கையால் பொத்தி, பெருமாள் கோயிலில் தலைமேல் வைக்கும் சடாரிக்குக் குனிவதுபோல் தலை குனிந்து நின்றார்.

குனிந்த தலையைக் கண்டால் பட்டர் சும்மா இருப்பாரா? சடாரிக்கு எங்கே போவது? தட்டில் காலி பித்தளை டம்ளர் ஒன்று இருந்தது. அதைக் கவிழ்த்து, பக்தியோடு அவர் தலையில் வைத்து எடுத்தான் சம்பத்து.

மப்ளர் நழுவியது. உள்ளே ஒரு நாமம். டம்ளரோடு குனிந்த வேகத்தில் சம்பத்தின் தலைப்பாகையும் மேலே ஏறிவிட்டது. இங்கேயும் ஒரு நாமம். நாமமும் நாமமும் ஒன்றையொன்று பார்த்தன. விளக்கு அணைந்தது.

திரையில் ஏஜென்ட் ஒட்டுமீசையைப் பாயசத்தில் தவறவிட்டான். கொட்டகையே சிரித்தது. இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளையில் மப்ளரைக் காணோம். “கிளம்புடா” என்று சம்பத்து என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஞாயிறு. பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். பிள்ளையின் அப்பா யார் என்கிறீர்கள்? மப்ளர் இல்லை. மற்றபடி அவரேதான்!

சம்பத்தின் முகத்தில் ரத்தமில்லை. வைதேகி சேவித்துவிட்டு உள்ளே போனாள். எல்லாரும் பிள்ளையின் அப்பா வாயையே பார்த்தார்கள். அவரோ, “கை அலம்பணும்” என்று கிணற்றடிக்கு எழுந்தார். சம்பத்து செம்போடு ஓடினான், பின்னால் நான்.

“ஸ்வாமி... ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கோ” என்றான் சம்பத்து. செம்பைச் சாய்த்து அவர் கையில் தண்ணீர் விட்டான்.

“அந்த ஏஜென்ட்... கடைசியில தப்பிச்சானோ?”

சம்பத்து மெதுவாக மூச்சு விட்டான். “நானும் பாதியில வந்துட்டேனே!”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பாதியில் வந்தவன்தான். ஆனால் ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் வைதேகியின் கண்கள்... நானே ஒரு முடிவைக் கட்டிச் சொன்னேன்.

“தப்பிச்சான். எதிரி நாட்டு உளவாளியும் இவனை மாதிரியே சொதப்பல் பேர்வழின்னு தெரிஞ்சுபோறது. ரெண்டு பேரும் வேஷத்தைக் கலைச்சுட்டு, ஒரே பெஞ்சுல உக்காந்து காப்பி சாப்பிடறா. சுபம்.”

பெரியவர் ஈரக் கையை அங்கவஸ்திரத்தில் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். “பேஷ்! இப்படித்தான் முடியணும்.” உள்ளே போய் உரக்கச் சொன்னார்: “தாம்பூலத் தட்டைக் கொண்டு வாங்கோ!”

நாம் யாருக்குப் பயந்து வேஷம் போடுகிறோமோ, அவர் நமக்குப் பயந்து பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். பாதி ஆயுள் இப்படியே போய்விடுகிறது, இல்லையா?

படம் அடுத்த மாதம் திருவள்ளூருக்கே வருகிறதாம். முகூர்த்தம் அதற்கு முன்னால் இருந்தால் நல்லது என்று நான்தான் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!