பெயரைப் படிக்காமலே வைரஸ் என்றார்கள்

காரைக்காலில் நான் எழுத்தராக இருந்த பள்ளியில், மாற்றுச் சான்றிதழைக் கையால் எழுதித் தரக் கூடாது, கணினியில் அச்சிட்டுத்தான் தர வேண்டும் என்று அந்த வருடம் உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவர்கள் எங்கள் பிரிண்டர் ஓடுகிறதா என்று கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். மகளுக்குப் புதுச்சேரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. மறுநாள் பத்து மணிக்குள் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

முந்தின நாள்தான் சர்வீஸ்காரர் கணினியை ஃபார்மட் செய்திருந்தார். பிரிண்டரை இணைக்கத் தேவையான சிடியையும் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். D டிரைவில் ஒரே ஒரு ஃபைல் மிச்சம்: kt2150_w2kxp_fr_v3.exe. போனில் அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன்.

“எழுத்தும் நம்பருமா கலந்து இருந்தா வைரஸ்தான் சார். தொடாதீங்க. திங்கக்கிழமை வர்றேன்.”

பாதிப் பெயர் வாசிப்பதற்குள் சொல்லிவிட்டார். நானும் நம்பினேன். அந்த அம்மா மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டரைக்குத்தான் என் பழைய டைரியைப் புரட்டினேன். பிரிண்டர் வந்த நாளில் மாடல் எண்ணைக் குறித்திருந்தேன்: KT-2150. ஃபைலின் தேதியும் அதே நாள். w2kxp என்றால் விண்டோஸ் 2000, எக்ஸ்பி, எங்களுடையது எக்ஸ்பி. v3 மூன்றாம் பதிப்பு. வைரஸ் இல்லை, பிரிண்டரை இணைக்கும் ஃபைலேதான். மிஞ்சியது fr, அதாவது பிரெஞ்சு. பிரிண்டரை விற்றவர் வெளியூர்க்காரர். காரைக்கால் என்றதும் நாங்கள் இன்னும் பிரெஞ்சில்தான் அலுவலகம் நடத்துகிறோம் என்று நினைத்திருக்கிறார்!

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். “பிரெஞ்சா? நமக்கு ஆகாதுய்யா.”

“திரையில வர்ற எழுத்துதாங்க சார் பிரெஞ்சு. அச்சடிக்கிறதுக்கு எந்த மொழியா இருந்தா என்னங்க?”

பிரெஞ்சு டீச்சரை அழைத்துவந்தேன். ஃபைலைத் திறந்ததும் ஒவ்வொரு பொத்தானாக வாசித்து, எதை அமுக்க வேண்டும் என்று காட்டினார். “இத்தனை வருஷமா பாடம் எடுக்குறேன். இன்னைக்குத்தான் என் பிரெஞ்சு ஒரு வேலைக்கு ஆவுது” என்றார். ஆறே நிமிடம். பிரிண்டர் முனகியது, சான்றிதழ் வந்தது.

தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அந்த அம்மாவிடம் கொடுத்தேன். நடந்ததை விளக்கினேன், பெயரிலேயே எல்லாம் இருந்தது, அந்த சர்வீஸ் ஆள் படிக்கவில்லை என்று கொதித்தேன்.

அவர் சான்றிதழை மடிக்காமல் வாங்கிக்கொண்டார்.

“அந்தப் பேரு காலையிலயும் இதேதானங்களே?”

“ஆமாம்மா.”

“எம்மீனு காலையிலேர்ந்து வெயில்ல கெடக்குதுங்க.”

மூன்று மணிப் பஸ்ஸில் மகளை அனுப்ப வேண்டும் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். சர்வீஸ்காரரைத் திட்ட மறுபடி போனை எடுத்தேன். எண்களை அழுத்தவில்லை. மூன்றேகால் மணி நேரம் அந்தப் பெயரை நானும்தான் படிக்காமல் வைத்திருந்தேன்.