நாற்பது வாட்டும் ஒரு தோல் உறையும்

நேற்று மகள் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் கைவிட்டால் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. சூடான பிளாஸ்டிக் வாசனை வேறு. திட்டத்தான் வாயெடுத்தேன். ஆம்பூர் ஞாபகம் வந்துவிட, லேப்டாப்பைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். அவளைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு ஏது!

டிப்ளமோ முடித்த கையோடு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். ஆறு மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் பேக்கிங்குக்குப் போய்விடு என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். என் பொறுப்பு, தோலின் சதுர அடியை அளக்கிற மெஷின். அதை ஓட்டியவள் ஷபிரா, என் வயசுக்காரி. வீட்டில் உருது, என்னிடம் தமிழ், மெஷினைத் திட்ட இரண்டும். அவள் கொண்டுவரும் கறிக்குழம்பில் பாதி எனக்குத்தான். என் புளிசாதத்தை அவள் எப்படித்தான் சாப்பிட்டாளோ.

ஒருநாள் மெஷினின் பவர் சப்ளையில் ஒரு டிரான்சிஸ்டர் போய்விட்டது. அதன் விவரத்தாளான டேட்டாஷீட்டின் முதல் வரியில் நாற்பது வாட் தாங்கும் என்றிருந்தது. என் கணக்கில் அதில் சூடாகிப் போவது எட்டே வாட். தாராளம் என்று புதுசு போட்டேன். அதோடு விட்டேனா? தோல் தேய்க்கிற இடத்துத் தூசி படாமலிருக்கட்டும் என்று வெட்டி மிஞ்சிய தோலில் ஓர் உறை தைத்து அதன்மேல் மாட்டினேன். எங்கள் பக்கம் டிவி ரிமோட் முதல் சாவிக்கொத்து வரை எல்லாவற்றுக்கும் தோல் உறை உண்டு. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஒரே வாரத்தில் புகைந்தது. மாற்றினேன், மறுபடி புகைந்தது. டிரான்சிஸ்டர் விற்ற கடைக்காரர் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று மேனேஜர் வரைக்கும் சொல்லி வைத்தேன். மூன்றாவது தடவை போனபோது பேக்கிங் பிரிவு கண்ணுக்குத் தெரிந்தது.

ஷபிராதான் உறைக்குள் விரலை விட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "இன்னாடி இது, கையே வெக்க முடியல. அதுக்கு மூச்சு முட்டாதா?"

டேட்டாஷீட்டை எடுத்து இந்த முறை பொடி எழுத்தையும் படித்தேன். டிரான்சிஸ்டரின் உடம்பு இருபத்தைந்து டிகிரியில் இருந்தால்தான் நாற்பது வாட். அதற்குமேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் கழித்துக்கொண்டே வரவேண்டும். சூட்டை வெளியே விடும் அலுமினிய ஹீட்சிங்க் இல்லாவிட்டால் இரண்டே வாட். நானோ அந்த ஹீட்சிங்க்கைத்தான் தோலால் பொத்தியிருக்கிறேன், மகா புத்திசாலி. சித்திரை மாதம் ஆம்பூரில் இருபத்தைந்து டிகிரிக்கு எங்கே போவது, ஏலகிரி மலைக்கா?

உறையைச் சத்தமில்லாமல் கழற்றிவிடலாம் என்று பார்த்தேன். ஷபிரா விடவில்லை. "கடைக்காரர் பாவம்டி. நீயே போய்ச் சொல்லிடு."

போனேன். உறையை மேனேஜர் மேசைமேல் வைத்து, கடைக்காரர்மேல் தப்பில்லை, என் தப்புதான் என்றேன். மேனேஜர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் நல்லாதான் இருக்கு," என்றார். "இனிமே மெஷினுக்குத் தெக்காத." பேக்கிங் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை. வெளியே வந்து ஷபிராவைக் கட்டிக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

இப்போது அங்கே கேமரா வைத்து அளக்கிறார்களாம். ஏதாவது போனால் போர்டையே கழற்றிப் போட்டுவிட்டு, புதுசை மாட்டிப் பத்து நிமிஷத்தில் ஓட்டிவிடுகிறார்களாம். எது ஏன் எரிந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால்தானே, என் தப்புதான் என்று ஒருத்தி போய் நிற்க முடியும்.